மூன்றே மூன்று கொட்டு

அன்றைக்கு அம்மா, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து தேயிலை மலைக்கு ஏறும்போது காலை ஏழரை மணி இருக்கும். பத்தரைக்கு அவர் கொழுந்து லொறியில், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தார். அந்த நேரம் நான் பாடசாலையில் தரம் 10 பிள்ளைகளுக்குக் குருதிச் சுற்றோட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா போன் எடுத்து, "தங்கச்சி, அம்மாவ குளவி கொட்டிருச்சு, நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு" என்றார். எத்தனை கொட்டு என்று கேட்டேன். "மூணுதான். ஆனா பேச்சு இல்ல."

அந்த "மூணுதான்" என்ற சொல்லை அடுத்த ஒரு கிழமை முழுக்கக் கேட்டேன். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். "மூணு கொட்டுக்கா இப்புடி? பயத்துல விழுந்திருப்பா." ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே அம்மா இருபதுக்கு மேல் கொட்டு வாங்கியவர். முகம் வீங்கி, இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து, நாலாம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதனால்தான் நாங்கள் இருக்கிற வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், யாருக்கும் இது விளங்கவில்லை. "ஒருதடவ வாங்கிட்டா ஒடம்புக்குப் பழகிரும்" என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அம்மாவும் அப்படித்தான் நம்பியிருந்தார். அவருடைய உடம்புக்குள் நடந்தது நேர்மாறான ஒன்று. அதை நம்முடைய ஆட்களுக்கு விளங்குகிற மாதிரி எழுத வேண்டும் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோதே நினைத்தேன்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம். இங்கே குளவி என்றால் இரண்டு பூச்சியையும் சேர்த்துத்தான் சொல்வோம். ஒன்று, உயரமான டர்பன்டைன் மரக் கிளையிலும் பாறை இடுக்கிலும் பெரிய அடையாகத் தொங்கவிடும் மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. மற்றது நிஜமான குளவி, தெபரா. கொட்டிய இடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் எது என்று சொல்லிவிடலாம். தேனீயின் கொடுக்கு முள்முள்ளாக இருப்பதால் தோலில் மாட்டிக்கொண்டு விஷப்பையோடு பிய்ந்து நின்றுவிடும், தேனீ செத்துப்போகும். குளவி கொடுக்கை உருவிக்கொண்டு மறுபடியும் கொட்டும். அம்மாவின் பிடரியில் இரண்டு கொடுக்கு, வலது முழங்கையில் ஒன்று. தேனீதான். பிய்ந்து நிற்கிற அந்தப் பை தானாகவே துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். அதனால் நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் விஷம் முழுக்க இறங்கிவிடும்.

அம்மா தெளிந்த பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொதல்ல உள்ளங்கை அரிச்சுது. பொறகு உள்ளங்கால். நாக்கு தடிச்சமாதிரி ஆயிருச்சு. வயித்தப் பொரட்டுச்சு. என்னமோ ஆகப்போகுதுன்னு மனசு சொல்லிச்சு. கூடைய எறக்கி வச்சேன், அவ்வளவுதான் தெரியும்." கொட்டியதற்கும் இதற்கும் இடையில் பத்து நிமிஷம்கூட இல்லை என்கிறார் கூட நின்ற அக்கா. கொட்டு விழுந்தது பிடரியில், அரித்தது உள்ளங்கால். இந்த ஒன்றை வைத்தே இது சாதாரண வீக்கம் இல்லை என்று கண்டுபிடித்திருக்கலாம். கொட்டிய இடத்தை விட்டு உடம்பு முழுக்கப் பரவுகிறது என்றால், உடம்பின் காவல்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அந்தக் காவல்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்கு நிர்ப்பீடனம் என்று பெயர். ஊரில் நோய் எதிர்ப்புச் சக்தி என்பார்கள். பிள்ளைகள் நிர்ப்பீடனத்தை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள், ஆனால் அது தங்கள் கைகாலில் தினமும் நடப்பது என்று நினைப்பதில்லை. அதனால் நான் வகுப்பில் அப்பாவின் கட்டைவிரலில் இருந்துதான் தொடங்குவேன். அப்பா தேயிலைச் செடியைக் கத்தரிக்கிறவர், கவ்வாத்து வெட்டுகிறவர். ஒருதடவை கத்தி விரலில் இறங்கியது. மண்ணும் தேயிலைக் கறையும் பட்ட கத்தி. மறுநாள் விரல் சிவந்து சூடாக இருந்தது, மூன்றாம் நாள் மஞ்சளாகச் சீழ் கட்டியது. அந்தச் சீழ் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் "அழுக்கு மிஸ்" என்பார்கள். அதில் பெரும்பங்கு இரத்தத்தில் இருந்து வந்து செத்துப்போன வெண்குழியங்கள். கிருமியை விழுங்கி, அதைக் கொன்று, தானும் செத்தவை. அப்படிச் சாகிற வகை வெண்குழியங்களை மட்டும் நம்முடைய எலும்பு மச்சை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி உண்டாக்குகிறது. தொடர்ந்து செத்துக்கொண்டே இருக்கிற படைக்கு ஆள் சேர்ப்பதும் தொடர்ந்து நடக்க வேண்டும்.

இந்த விழுங்குகிற வேலையை முதலில் கண்டவர் மெச்னிகோவ் என்ற ரஷ்யர். 1882 இல் இத்தாலியின் மெசினாவில் இருந்தபோது, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் சின்ன முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் கலங்கள் (செல்கள்) மொய்த்து நிற்கின்றன. 1908 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முள் குத்தினால் அந்த இடம் வீங்கும் என்பது எங்கள் ஊரில் எந்தச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்த வீக்கத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

சரி, விழுங்குகிறவை யாரையும் ஞாபகம் வைப்பதில்லை என்று சொல்லலாம். எதிரே வந்த அந்நியனை அடிப்பதுதான் அவற்றின் வேலை. ஞாபகம் வைத்திருப்பவை நிணநீர்க்குழியங்கள் என்ற இன்னொரு வகை வெண்குழியங்கள். இதை விளக்க எனக்கு நெறி கட்டுவதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து பிள்ளைகள் காலெல்லாம் புண்ணோடு வருவார்கள். அட்டை கடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை விடுகிறது, அதனால்தான் அது விழுந்த பிறகும் இரத்தம் வடிகிறது. அரிப்பு அப்புறம் நாள்கணக்கில் நிற்கும். புண் கெணுக்காலில், ஆனால் தொடை இடுக்கில் உருண்டையாக ஒன்று வலிக்கும். பாட்டி தொட்டுப் பார்த்து "நெறி கட்டியிருக்கு" என்பார். அது நிணநீர்க்கணு. புண்ணில் இருந்து கிருமியின் துண்டு துணுக்குகளைத் தூக்கிக்கொண்டு சில கலங்கள் அங்கே வந்து சேரும். அங்கே கோடிக்கணக்கான நிணநீர்க்குழியங்கள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அச்சு. கொண்டுவந்த துண்டு எதன் அச்சுக்குப் பொருந்துகிறதோ அது மட்டும் பெருகத் தொடங்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஆயிரமாயிரமாகி. கணு வீங்குவது அதனால்தான். பெருகியவற்றில் ஒரு பகுதி அந்தக் கிருமிக்கு மட்டுமே பொருந்துகிற, அதைப் பிடித்துக்கொள்கிற பிறபொருளெதிரி என்ற புரதத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் சுரக்கும். முதல் தடவை இதற்கெல்லாம் ஒரு கிழமை, இரண்டு கிழமை எடுக்கும். நாம் காய்ச்சலில் கிடப்பது அந்த நாள்களில்தான். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துவிடும், கொஞ்சம் மட்டும் மிஞ்சி நிற்கும். அதே கிருமி மறுபடி வந்தால் மிஞ்சியவை சில நாள்களிலேயே எழுந்துவிடும். பலமுறை நமக்கு வந்ததே தெரியாமல் போய்விடும்.

எவ்வளவு காலம் ஞாபகம் இருக்கும்? ஃபாரோ தீவுகளில் 1846 இல் சின்னமுத்து (தட்டம்மை) பரவியபோது பானும் என்ற டென்மார்க் டொக்டர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். பெரும்பாலானவர்கள் படுத்துவிட்டார்கள். ஆனால் 1781 இல் அங்கே சின்னமுத்து வந்தபோது பிள்ளைகளாக இருந்து அதைப் பெற்ற கிழவர்களுக்கு மட்டும் வரவில்லை. நடுவில் 65 வருஷம் அந்த நோய் தீவில் இல்லை. யாரும் ஞாபகப்படுத்தவில்லை, உடம்பு தானாக வைத்திருந்தது. இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கே மயிர் கூச்செறியும். ஊசி என்பதும் இந்த ஞாபகத்தைத்தான் தருகிறது, நோயின் துன்பத்தைத் தராமல். என் பாட்டியின் கையில் அம்மை குத்திய தழும்பு வட்டமாக இருந்தது, அவர் அதை என்னிடம் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார். அந்தப் பெரியம்மை உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது என்று 1980 இல் அறிவித்தார்கள். எங்கள் தலைமுறைக்கு இடது கையில் பி.சி.ஜி. தழும்பு மட்டும்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கைக்குழந்தை வைத்திருந்த என் தங்கச்சி இதைத்தான் என்னிடம் கேட்டாள். பிள்ளைக்கு முதல் சின்னமுத்து ஊசியை ஏன் ஒன்பது மாதம் வரை காத்திருந்து போடுகிறார்கள்? தாயின் பிறபொருளெதிரிகள் வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன. பிறந்து சில மாதங்கள் பிள்ளை அந்தக் கடன் வாங்கிய காவலில்தான் இருக்கிறது. அது இருக்கும்போதே ஊசி போட்டால் தாயின் காவல் ஊசியில் உள்ளதையும் அடித்துவிடும், பிள்ளையின் உடம்பு சொந்தமாகப் படிக்க வாய்ப்பில்லாமல் போகும். அதற்காகக் காவல் தேயும்வரை பொறுக்கிறார்கள். ரொம்பப் பொறுத்தால் பிள்ளை காவலில்லாமல் நிற்கும். அந்த இடைவெளியைப் பார்த்துக் குறித்த நாள்தான் கிளினிக் கொப்பியில் இருப்பது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். சீம்பாலும் அப்படித்தான். மஞ்சளாக இருக்கிறது என்று பாட்டி அதைப் பீச்சி ஊற்றச் சொன்னார். பிள்ளையின் குடலையும் தொண்டையையும் காக்கிற பிறபொருளெதிரி அதில்தான் செறிந்திருக்கிறது. தங்கச்சி ஊற்றவில்லை.

இனி அம்மாவிடம் வருகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இருபது கொட்டு வாங்கியபோது அம்மா பட்டது விஷத்தின் வேலை. வலி, வீக்கம், காய்ச்சல். அது யாருக்கும் வரும். நூற்றுக்கணக்கில் கொட்டினால் எந்த ஒவ்வாமையும் இல்லாமலேயே அந்த விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்து ஆளைக் கொன்றுவிடும். ஆனால் அந்த இருபது கொட்டோடு இன்னொன்றும் நடந்தது, சத்தமில்லாமல். அம்மாவின் நிணநீர்க்குழியங்கள் தேனீ விஷத்தைப் பார்த்து, படித்து, ஞாபகம் வைத்தன. படித்தது மட்டும் பிசகிவிட்டது. சாதாரணப் பிறபொருளெதிரிக்குப் பதில், இம்யூனோகுளோபுலின் ஈ என்ற வகையைச் செய்தன. அது பொதுவாகக் குடல் புழு மாதிரியான ஒட்டுண்ணிகளை எதிர்க்கப் பயன்படுவது. ஜப்பானியரான இஷிசாகா என்ற கணவனும் மனைவியும் 1966 இல் அதைப் பிரித்துக் காட்டினார்கள். இரத்தத்தில் மிகமிகக் கொஞ்சம்தான் இருக்கும். ஆனால் தோல், மூச்சுக்குழல், குடல் எங்கும் காவல் நிற்கிற மாஸ்ட் கலங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலங்களுக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அம்மாவின் உடம்பு முழுக்க அந்த மூட்டைகள் கட்டவிழத் தயாராக, தேனீ விஷத்துக்காகவே காத்திருந்தன. ஆறு வருஷம் அவர் மலைக்குப் போனார், வந்தார், கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் வைத்தார். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மூன்று கொட்டு விழுந்தது. விஷம் இரத்தத்தில் கலந்து எங்கெங்கே அந்த மாஸ்ட் கலங்களைத் தொட்டதோ அங்கெல்லாம் மூட்டை அவிழ்ந்தது. ஹிஸ்டமின் கொட்டியதும் இரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றில் இருந்து நீர் கசிந்தது. தோலில் தடிப்பு, நாக்கிலும் தொண்டையிலும் வீக்கம், மூச்சுக்குழல் இறுக்கம், வயிற்றுப் புரட்டல். குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்தால் அழுத்தம் விழும், மூளைக்கு இரத்தம் போதாது. ஆள் விழுந்துவிடுவார். பயந்து விழவில்லை, இரத்தம் ஏறாமல் விழுந்தார். இதை லயத்தில் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. அம்மாவுக்குத்தான் முதலில் சொன்னேன். தான் தைரியமில்லாதவள் என்று அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

இதே விஷயம் நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸில் ஷார்ல் ரிஷே என்பவரையும் திகைக்க வைத்திருக்கிறது. கடல் சாமந்தி என்ற கடல் உயிரியின் விஷத்தை நாய்களுக்குக் கொஞ்சமாகக் கொடுத்து, பழக்கிக் காப்பாற்றலாமா என்று பார்த்தார். நன்றாக இருந்த நாய்க்குச் சில கிழமை கழித்து முன்பு கொடுத்த அதே அளவைக் கொடுத்தபோது அது அரைமணி நேரத்துக்குள் செத்துப்போனது. "பழகிரும்" என்று எங்கள் ஆட்கள் நினைத்ததைத்தான் அவரும் நினைத்திருக்கிறார். காப்புக்கு எதிரானது என்ற பொருளில் 1902 இல் அதற்கு அனஃபிலாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார். 1913 இல் நோபல் பரிசு.

அம்மாவைக் காப்பாற்றியது அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டார்கள். அது விரிந்த குழாய்களைச் சுருக்கும், இறுகிய மூச்சுக்குழலைத் திறக்கும், மிச்ச மூட்டைகள் அவிழ்வதையும் தடுக்கும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் போட்டுவிட்டார்கள். கட்டிலில் கண்ணைத் திறந்து, "என் கூடைய யாரு எடுத்தா?" என்று கூடையைத்தான் கேட்டார். அரைநாள் சம்பளம் மட்டும் கொடுத்து அரைப்பேர் போடுவார்களோ என்ற கவலை வேறு. நன்றாகிவிட்டதே, கூட்டிக்கொண்டு போகலாமா என்று அப்பா கேட்டதற்கு டொக்டர் மறுத்துவிட்டார். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை மாதிரி மறுபடியும் வரலாம் என்று இரவு முழுக்க வைத்திருந்தார்கள்.

ஆனால் அதற்கு முந்திய நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மலையில் முதலில் சுண்ணாம்பு தடவியிருக்கிறார்கள். யாரோ பையில் வைத்திருந்த பிரிட்டோன் (Piriton) என்ற அரிப்புக் குளிசையைக் கொடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்பால் ஒன்றும் ஆகாது. குளிசை அரிப்பைக் குறைக்கும், அதுவும் மெதுவாக, விழுந்துகொண்டிருக்கிற இரத்த அழுத்தத்தை அது தூக்காது. தண்ணீர் குடிக்க வைக்க அம்மாவைத் தூக்கி நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சு வாங்கினால் கால் நீட்டிச் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்கவே கூடாது. நிற்கும்போது இதயத்துக்குத் திரும்புகிற இரத்தம் இன்னும் குறைந்து, அதிலேயே உயிர் போய்விடும். கூட இருந்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் பதறியடித்துத் தெரிந்ததைச் செய்தார்கள். அந்த அடை அந்த மரத்தில் தொங்குகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தும் யாரும் அகற்றவில்லை என்பதும், ஒரு வண்டிகூட இல்லாமல் கொழுந்து லொறி வரும்வரை காத்திருந்ததும்தான் குறை. அட்ரினலின் விலை உயர்ந்த மருந்தும் இல்லை, புது மருந்தும் இல்லை. குளவி இருக்கிற ஒவ்வொரு மலைக்கும் பக்கத்தில், அதைப் போடத் தெரிந்த ஓர் ஆளோடு, அது இருக்க வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும் என்பதையும் அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், எங்கம்மாவுக்கும் போன வருஷம் கொட்டுச்சு, அப்ப அடுத்த தடவ இப்புடி ஆகுமா?" என்று கேட்டாள். பெரும்பாலானவர்களுக்கு ஆகாது. கொட்டிய இடம் மட்டும் வீங்கி வடிந்துவிடும். ஆனால் ஒருதடவை உடம்பு முழுக்கத் தடித்தவருக்கு, மூச்சு முட்டியவருக்கு, மயக்கம் வந்தவருக்கு அடுத்த தடவையும் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அவர்களைத்தான் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னேன். அவள் அடையாளங்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள், கீழே 1990.

"பழகிரும்" என்ற பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தேனீ விஷத்தை மிக நுணுக்கமான அளவில் தொடங்கி, டொக்டரின் கண்ணெதிரே, மாதக்கணக்கில் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிற சிகிச்சை ஒன்று உண்டு. மூன்று முதல் ஐந்து வருஷம் எடுக்கும். பிசகாகப் படித்த உடம்பு அதில் மெதுவாகத் திருந்திப் படிக்கிறது. மரத்தில் இருந்து வருகிற தேனீ அளவு பார்த்துக் கொட்டாது.

அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. தேயிலைக் கன்று போடுகிற இடத்தில் வேலை, பைக்கு மண் நிரப்புவது. அங்கே பெரிய மரம் இல்லை. டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டில் தேனீ ஒவ்வாமை என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. கீழே நான் தமிழில் எழுதி, அம்மாவின் பெயரும் என் நம்பரும் போட்டுப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தேன். வெற்றிலைப் பையில், பாக்குக்கும் சுண்ணாம்பு டப்பிக்கும் நடுவில் அதை வைத்திருக்கிறார். காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் பையைத் தட்டிப் பார்ப்பார், பிறகு படியில் நின்று, லயத்துக்கு மேலே இருக்கிற டர்பன்டைன் மரத்தை அண்ணாந்து ஒருதடவை பார்ப்பார்.